லான்ட்மாஸ்டர் ஸ்ரீயரிங் கிளச் நகம் தேஞ்சு போச்சு: வெல்டிங் அடிச்சு எடுக்கலாமோ?

வாய்க்கால்:

இடம் முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம். 12 குதிரைவலு சீன லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு வண்டி), கியர்பெட்டி பிரிச்சுக் கிடக்கு. இடப்பக்க ஸ்ரீயரிங் கிளச் பல்லுச்சில்லின்ர நகங்கள் (எதிர்ச்சில்லோட கோத்துக்கொண்டு சுமை இழுக்கிற முனைகள்) தேய்வு. ஆறு நகம், ஒவ்வொண்டும் 6 மில்லிமீற்றர் தடிப்பு, 5 மில்லிமீற்றர் உயரம். சில்லின்ர வெளிவிட்டம் 52 மில்லிமீற்றர். முன்னுக்கு இழுக்கிற பக்க மூலை ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்கு உருண்டு போச்சு. வெறும் வண்டியா ஓடேக்க பிடிக்கும். இழுவைப்பெட்டியில நெல்லு ஏத்தினாலோ சேத்துக்க சுழல்கலப்பை போட்டாலோ டக் டக் எண்டு கழண்டு வண்டி இடப்பக்கம் இழுக்கும்.

கிளச்சைத் தள்ளுற கவையில பூட்டுற பின் எண்ட சின்ன இரும்புத் தண்டும் தேய்வு. 12 மில்லிமீற்றர் பின் ஒரு பக்கத்தால 10.6க்கு வந்திட்டுது.

ஒரு பட்டறையில 3.2 மில்லிமீற்றர் 6013 எண்ட சாதாரண வெல்டிங் ரொட்டால ரெண்டு நகத்துக்கு நிரப்பிக் குடுத்தவை. அடிச்ச கையோட பாக்க வடிவாத்தான் இருந்தது. அடுத்தநாள் விடிய ஒரு நகத்தில போட்டது, நகத்தின்ர மூலையையும் பிடுங்கிக்கொண்டு விழுந்து கிடக்கு. மற்றதை லேத்தில போட்டா ஹைஸ்பீட் உருக்கு வெட்டி கீச்சிடுதே தவிர வெட்டேல்லை. நுனி நீலமாகி மழுங்கினதுதான் மிச்சம்.

கையில இருக்கிற சாமான்: 200 அம்பியர் இன்வேர்ட்டர் வெல்டிங் பிளான்ட் (ஆகன் வாயு விட்டு அடிக்கிற டிக் வெல்டிங் பிடியும் ஆகன் சிலிண்டரும் இரவல் எடுக்கலாம்), நாலு இஞ்சி கிறைண்டர், சின்ன டை கிறைண்டர், பழைய லேத், கேஸ் ரோச், கொல்லன் உலை. பின்னேரத்தில கரண்ட் 190 வோல்ற்றுக்கு இறங்கும்.

கேள்வி: சில்லை முதல் காய்ச்சிப் பதமாக்கி, அதாவது வன்மையைப் போக்கிப் போட்டு அடிக்கிறதோ, அப்பிடியே அடிக்கிறதோ? எந்த ரொட்? அடிச்சதைப் பேந்து எதால வெட்டுறது? பின்னையும் நிரப்பலாமோ?


சாணைக்கல்:

அடுத்தநாள் விடிய விழுந்தது என்ற ஒரு வரியே போதும். அடிக்கும்போதே வெடித்திருந்தால் வேறு காரணம் தேடலாம். ஆறி, மணித்தியாலக் கணக்கில் கழித்து மூலையோடு பிடுங்கி வந்தால் அது ஐதரசன் வெடிப்பு. மூன்று விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும்: ஈரம் பிடித்த ரொட்டில் இருந்து போகும் ஐதரசன், கண்ணாடி போல் வன்மையான உருக்கு, ஆறும்போது வரும் இழுவிசை. மூன்றையும் அந்தப் பட்டறை கொடுத்திருக்கிறது.

சீனக் கியர்பெட்டிகளின் இந்த வகைச் சில்லுகள் பெரும்பாலும் 0.2 வீதம் அளவு காபன் உள்ள குரோமியம்-மங்கனீசு உருக்கு. அதன் மேல்தோலுக்கு மட்டும் காபன் ஏற்றி 0.8 வீதத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, சூட்டோடு எண்ணெயில் விட்டு வன்மையாக்கும் தோய்ச்சல் கொடுத்திருப்பார்கள். தோல் கிட்டத்தட்ட 0.6 முதல் 1 மில்லிமீற்றர், வன்மை 58 முதல் 62 ரொக்வெல் சி. உள்ளே இருப்பது அவ்வளவு வன்மையில்லாத, அடி தாங்குகிற உருக்கு. உங்கள் 6013 அந்தத் தோலில் ஒட்டியது. அதைச் சுற்றிய தோல் ஒருதரம் சிவந்து, குளிர்ந்த சில்லு சூட்டை உறிஞ்சியதால் நொடியில் ஆறி, முன்னையதிலும் நொறுங்கலாக மாறியது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். புது அரத்தை நகத்தின் தேயாத முகத்தில் வையுங்கள். வழுக்கினால் 60க்குக் கிட்ட. இலேசாகக் கவ்வினால் 50க்குக் கிட்ட. அதே இடத்தைச் சாணையில் பிடித்துப் பொறியைப் பாருங்கள். முதலில் பூப்பூவாக, கிளைவிட்டு வெடிக்கும் பொறி வரும். ஒரு மில்லிமீற்றர் உள்ளே போனதும் பூக்கள் குறைந்து நீளக் கோடுகள் கூடும். அந்த மாற்றம் வந்தால் தோல் முடிந்துவிட்டது. வெல்டிங் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஆகவே சில்லு முழுவதையும் பதமாக்கக் கூடாது. பற்களுக்கும் ஓட்டைக்கும் இருக்கிற வன்மை போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. நகத்தின் தேய்ந்த பக்கத்தில் மட்டும், பழைய 6013 முழுவதையும் எடுத்து, பொறி மாறும் வரை தோலைச் சாணையால் எடுங்கள். கூர்மூலை விடவேண்டாம். அடியை 2 மில்லிமீற்றர் அளவு வளைவாக விடுங்கள்.

அடுத்தது முன்சூடு. இங்கே இடைவெளி மிகக் குறுகியது. 150 பாகைக்குக் கீழே அடித்தால் வெடிப்பு வரும். இந்தச் சில்லுகளைத் தோய்ச்சலுக்குப் பிறகு நொறுங்கல் குறைய ஆலையில் கடைசியாகச் சூடாக்கிப் பதப்படுத்தியதே 180 பாகைப் பக்கம்தான், ஆகவே 200க்கு மேலே நெடுநேரம் போனால் தோல் இளகத் தொடங்கும். சூடு காட்டும் சோக்குக்கட்டி இல்லாவிட்டால் ரேடியோத் திருத்துகிற ஈயக்கம்பி போதும். 63க்கு 37 வெள்ளீய-ஈயக் கம்பி 183 பாகையில் உருகும். நகத்தில் இருந்து தள்ளி, சில்லின் பின்முகத்தில் கம்பியைத் தொடுங்கள். உருகாமல் நின்று, தண்ணீர்த்துளி மட்டும் பட்டவுடன் சீறி ஆவியானால் அடிக்கலாம். கம்பி வழுக்கி உருகினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஒவ்வொரு நகத்துக்கும் முன்பும் ஒருக்காத் தொடுங்கள். வெல்டிங் பிடிக்கிற இடத்தில் மட்டும் ஈயம் படக்கூடாது, பட்டால் அதுவே வெடிப்பு.

அடிக்கிற விதம்: முதல் படை 312 ஸ்ரெயின்லெஸ், 2.5 மில்லிமீற்றர் ரொட், 60 முதல் 70 அம்பியர், ரொட் நேர்முனையில். டிக் கிடைத்தால் இன்னும் நல்லது. 312 கம்பி 1.6 மில்லிமீற்றர், 60 அம்பியர் அளவு, ஆகன் நிமிடத்துக்கு 7 லீற்றர். சூடு சின்ன இடத்தில் நிற்கும், கண்ணால் பார்த்து நிரப்பலாம். 312இல் குரோமியம் 29, நிக்கல் 9 வீதமளவு. கீழே உள்ள உருக்குக் கலந்தாலும் நொறுங்காமல் இழுபட்டுக் கொடுக்கும். ஆனால் அது வன்மையான உலோகம் இல்லை. அதை மட்டும் போட்டு விட்டால் நகம் அடிபட்டு அடிபட்டுக் காளான் மாதிரி விரியும். அதனால் மேல் படை ஒன்றோ இரண்டோ 600 வகை வன்படை ரொட்டால் போட வேண்டும். 600இல் மூன்றாவது படை வேண்டாம்.

ஒரு நகம் முடிந்ததும் பக்கத்து நகத்துக்குப் போகாமல் எதிர் நகத்துக்குப் போங்கள்: 1, 4, 2, 5, 3, 6. ஒவ்வொரு இழுவையும் நகத்தின் அகலம்தான், ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இல்லை. இழுவை முடியும் இடத்தில் சட்டென்று ரொட்டைத் தூக்காமல் ஒரு கணம் பின்னுக்கு வந்து பள்ளத்தை நிரப்பித் தூக்குங்கள். நட்சத்திர வெடிப்பு அந்தப் பள்ளத்தில்தான் பிறக்கும். ஆர்க் மூட்டுவதற்குச் செப்புத் துண்டொன்றைப் பக்கத்தில் வையுங்கள். பல்லில் ரொட் ஒரு முறை தட்டினாலும் அந்தப் புள்ளி கண்ணாடியாகும், பிறகு பல் அங்கேயே உடையும். எர்த் கவ்வி சில்லிலேயே இருக்க வேண்டும்.

முடிந்ததும் சில்லை அதே 180 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்து, அரிசி ஆலையில் இருந்து எடுத்த காய்ந்த உமிச் சாம்பலுக்குள் புதையுங்கள். உமிச் சாம்பல் நல்ல சூடுகாப்பு, ஆற ஒரு இரவு எடுக்கும். 48 மணித்தியாலம் கழித்துத்தான் வெடிப்புப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சோக்குத்தூள் பூசிவிட்டால் வெடிப்பு இருக்கிற இடத்தில் எண்ணெய்க் கோடு கசிந்து வரும்.


கடைசல்:

சாணைக்கல் சொன்ன 600 ரொட்டில ரெண்டு சாதி இருக்கு, கடையில கேட்டு வாங்குங்கோ. ஒண்டு குரோமியம் காபைட்டு நிறைஞ்சது. அது மண்ணோட உரசுற கலப்பைக் கத்திக்கு. ஆறேக்கயே குறுக்கால மயிர்வெடிப்பு விழும், அது அதின்ர குணம். நகத்துக்கு அதைப் போட்டா முதல் அடியிலயே சிதறும். உங்களுக்கு வேணும் எண்டது அடி தாங்குற சாதி, குரோமியம் குறைஞ்சது, பெட்டியில 55 முதல் 60 ரொக்வெல் எண்டு போட்டிருக்கும். இன்னொண்டு: டிக்குக்கு எடுக்கிறன் எண்டு வன்படை ரொட்டின்ர பூச்சைத் தட்டிப் போட்டு உள்கம்பியால அடிக்கிறவை இருக்கினம். கன ரொட்டில கலப்புலோகம் பூச்சுக்குள்ளதான் கிடக்கு. தட்டினா மிஞ்சிறது சாதாரண இரும்புக்கம்பி.

இனி வெட்டுற கதை. 600 போட்ட இடத்தை லேத் வெட்டியால எடுக்கேலாது. கார்பைட் வெட்டி 50, 55 வரைக்கும் மெல்ல எடுக்கும், ஆனா அது தொடர்ந்து சுத்துற உருளைக்கு. நகம் விட்டு விட்டு வாறது. ஒவ்வொரு நகமும் வெட்டி முனையில சுத்தியலால அடிக்கிற மாதிரி. ரெண்டு சுத்தில முனை பறக்கும். உங்கட ஹைஸ்பீட் கீச்சிட்டதுக்கும் காரணம் இதுதான். வெட்டியும் 63, 64 ரொக்வெல்தான், சாமானும் கிட்டத்தட்ட அவ்வளவு. கத்தியால கத்தியை வெட்டப் பாத்திருக்கிறியள்.

சாணையாலதான் எடுக்கோணும். ஆனா கையில பிடிச்சு ஆறு நகத்தையும் ஒரே மாதிரி எடுக்கிறது எண்டது வாய்ச்சவடால். அறுகோணக் கம்பித் துண்டொண்டு எடுங்கோ, 30 மில்லிமீற்றர் அளவு. ஒரு நுனியைச் சில்லின்ர ஓட்டைக்கு இறுக்கமாக் கடைஞ்சு சில்லைப் போட்டு நட்டால பூட்டுங்கோ. அறுகோணப் பக்கத்தை வைஸ் குறட்டில பிடிச்சா 60 பாகை தானா வந்திடும். ஒரு நகம் முடிய அடுத்த தட்டையைத் திருப்பினா அடுத்த நகம் அதே இடத்தில நிக்கும். டை கிறைண்டரை லேத்தின்ர வெட்டிபிடியில இறுக்கி, குறட்டைச் சாடிலுக்கு முன்னால நிலையாப் பூட்டினா வெட்டு ஆழத்தைக் கைபிடியின்ர கோட்டில எண்ணி எடுக்கலாம். நாலு இஞ்சி கிறைண்டர் மேல்மிச்சத்தைத் தட்டி எடுக்க மட்டும்.

கல்லு வெள்ளை அலுமினியம் ஒட்சைட்டு, 60 பருமன். பச்சைக் கல்லு கார்பைட் வெட்டி தீட்டுறதுக்கு, இதுக்கு இல்லை. ஒரு போக்குக்கு 0.02 மில்லிமீற்றருக்கு மேல எடுக்கவேண்டாம். சாணை போன இடம் வைக்கோல் நிறமாகுதெண்டா விட்டிட்டு ஆறவிடுங்கோ. நீலமாகிட்டுதெண்டா அந்த இடத்து வன்மை ஏற்கனவே போச்சு, தண்ணி ஊத்தி மறைக்கேலாது. சுட்ட சாமானுக்குத் தண்ணி ஊத்தினா சாணை வெடிப்புத்தான் வரும். துவக்கத்தில இருந்தே தண்ணி விடுறதெண்டா விடுங்கோ, இல்லாட்டி உலர விட்டு மெல்ல எடுங்கோ. நடுவில கலக்கக் கூடாது.

நகத்தின்ர பக்கம் நேரா நிமிந்து நிக்கிறதெண்டு நினைச்சு அதை நேராக்கிப் போடாதேங்கோ. கூர்ந்து பாத்தா அடிப்பக்கம் கொஞ்சம் உள்ளுக்குப் போயிருக்கும். சுமை வரேக்க நகம் ரெண்டும் ஒண்டையொண்டு உள்ளுக்கு இழுக்கிறது அந்தச் சாய்வாலதான். அதை எதிர்ப்பக்கமாச் சாய்ச்சுப் போட்டா புதுச்சில்லுமே கழண்டு கழண்டு வரும். தேயாத வலப்பக்கச் சில்லில பால்மா பேணித் தகரத்தால ஒரு அச்சு வெட்டி வைச்சுக்கொண்டு அதுக்கு ஒத்துப் பாருங்கோ. முடிவில எதிர்ச்சில்லின்ர நகங்களுக்கு மார்க்கர் பூசி ரெண்டையும் கோத்து முறுக்குங்கோ. ஆறில நாலு நகத்திலயாவது மை ஒட்டோணும். ஒண்டில மட்டும் ஒட்டினா முழுச்சுமையும் அந்த ஒண்டுக்குத்தான்.

கவைப் பின்னுக்கு வெல்டிங் வேண்டவே வேண்டாம். 12 மில்லிமீற்றர் பின்னைச் சுத்தி நிரப்பினா வளைஞ்சு வாழைக்காயா வரும், பேந்து கடையிறதுக்கு மையமே இருக்காது. ஈஎன்8 எண்ட நடுத்தரக் காபன் உருக்குக் கம்பி 16 மில்லிமீற்றர் எடுத்து 12.3க்குக் கடையுங்கோ. ஹைஸ்பீட் வெட்டிக்கு நிமிசத்துக்கு 500, 600 சுத்துப் போதும். உலையில சூடாக்கி, காந்தம் ஒட்டாமப் போற நிலைக்கு மேல இன்னும் கொஞ்சம் சிவக்கவிட்டு, நெட்டுக்குத்தா எண்ணெய்க்குள்ள இறக்குங்கோ. அரம் இலேசா வழுக்கோணும், நல்லாக் கவ்வினா திரும்பச் சூடாக்கித் தண்ணிக்க விடுங்கோ. சரிச்சுப் போட்டா வளையும். பேந்து ஒரு பக்கத்தைச் சாணையில மினுக்கி, கனத்த இரும்புத் தட்டில வைச்சுக் கீழால சூடு காட்ட வெளிர் வைக்கோல் நிறம் வந்து கொஞ்சம் கடுக்கும், அது 220 முதல் 240 பாகை. அந்த நேரம் எடுத்திடுங்கோ. மிச்ச 0.3ஐ லேத்தில ஆயிரம் சுத்துக்கு மேல விட்டு, கூரான கார்பைட் முனையால 0.1, 0.1 ஆ எடுத்து, கடைசிக்கு எமரித்தாளைத் தட்டைக் கட்டையில சுத்திப் பிடிச்சு முடிக்கலாம். லேத் நடுங்கினா கார்பைட் வேண்டாம், முழுக்க எமரியாலயே இறக்குங்கோ. நேரம் போகும், சாமான் தப்பும்.

உந்த மினக்கேடு வேண்டாமெண்டா பழைய மோட்டார் சைக்கிளின்ர பிஸ்டனைக் கோக்கிற கஜன் பின் பாருங்கோ. சில 100 சிசி எஞ்சினுகளில 13 மில்லிமீற்றர் வரும். தோல் வன்மை, சாணை முடிப்பு எல்லாம் ஏற்கனவே கிடக்கு. கவையின்ர ஓட்டையை 13க்கு ரீமர் போட்டு, பின்னை வெட்டுத்தட்டால நீளத்துக்கு வெட்டினாச் சரி.

கவைப் பின்னுக்கு எண்டு பழைய இரும்புக் குவியலுக்க தேடுறவை ஒரு விசயம் கவனம். எங்கட பக்கத்தில காணி துப்பரவாக்கேக்க வாற உருண்டை இரும்பு, மூடின குழாய், தெரியாத வார்ப்புத் துண்டு எதையும் உலைக்க வைக்கிறதோ வெட்டுறதோ கூடாது. எவ்வளவு துருப்பிடிச்சாலும் உள்ளுக்க இருக்கிற வெடிமருந்து துருப்பிடிக்காது. கண்ட இடத்தில விட்டிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லிறது. மூடின சொக்கப்சோபர் தண்டும் அப்பிடித்தான், ஓட்டை போடாமச் சூடு காட்டினா வெடிக்கும்.


துருத்தி:

ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா கடைசியில நகம் ஸ்ரெயின்லெஸ்சுக்கு மேல ஒட்டின ஓடாத்தான் நிக்கப்போகுது. முழுசா வேணுமெண்டா பழைய முறை இருக்கு. சில்லைச் சிவக்கக் காய்ச்சி உமிச் சாம்பலுக்க ஒரு இரவு விட்டா பதமாகும், கார்பைட்டால ஆறுதலா வெட்டலாம். அதுக்குப் பிறகு 312 இல்லை, 7018 எண்ட ஐதரசன் குறைஞ்ச ரொட்டால நிரப்புங்கோ. ஸ்ரெயின்லெஸ்சுக்குத் தோய்ச்சல் ஏறாது, 7018 காபன் ஏத்தினா ஏறும். கடைஞ்சு அளவுக்குக் கொண்டுவந்து, தடிச்ச கறுப்பு இரும்புக் குழாய்க்குள்ள (நாகம் பூசின குழாய் வேண்டாம், புகை நஞ்சு) சிரட்டைக்கரியை மொச்சைக்கொட்டைப் பருமனுக்கு உடைச்சு, பத்துக்கு ஒரு பங்கு சலவைச்சோடா கலந்து, சில்லைச் சுத்தி நாலு பக்கமும் 20 மில்லிமீற்றருக்குக் குறையாம நிரப்பி, மூடியைக் களிமண்ணால அடைச்சு உலையில வைக்கிறது. 900 முதல் 920 பாகை, அதாவது செம்மஞ்சளுக்குக் கிட்ட. நாலு அஞ்சு மணித்தியாலத்தில ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டக் காபன் ஏறும். எடுத்தவுடன மெல்லிய எண்ணெய் 10 லீற்றருக்க விட்டு, 180 பாகையில ஒரு மணித்தியாலம் பதப்படுத்தினா ஆலைச் சாமான்தான்.


சாணைக்கல்:

துருத்தி, முறையில் பிழை இல்லை. 7018ஐப் பற்றிச் சொன்னதும் முக்கியமானது. 312 போட்டுவிட்டு காபன் ஏற்றுகிறேன் என்று கரிப்பெட்டிக்குள் வைத்தவர்களுக்கு நகம் இளகித்தான் வரும்.

ஆனால் இந்தச் சில்லுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 900 பாகைக்குப் போய் எண்ணெயில் விழுந்து வந்தால் ஓட்டை சுருங்கும் அல்லது நீள்வட்டமாகும். பல் வட்டமும் 0.1 மில்லிமீற்றருக்குக் கூடுதலாகவே ஓடும். ஆலையில் அதற்குப் பிறகு ஓட்டையை உள்சாணை போட்டுச் சரிசெய்வார்கள். இங்கே உள்சாணை போடும் லேத் பட்டறை தேட வேண்டும். அதோடு துருத்தி ஊதி ஐந்து மணித்தியாலம் ஒரே சூட்டில் வைப்பதும் இலேசில்லை. ஒரு பக்கம் 950ஐத் தாண்டினால் உருக்கின் மணி பெருத்து, பல் பாண் துண்டுபோல் உடையும். கவை நுனி, பின், நெம்பி போன்ற ஓட்டை அளவு கறாராக இல்லாத சாமான்களுக்குச் செய்யுங்கள்.


வாய்க்கால்:

நன்றி. மூண்டு விசயம் கேக்கவேண்டிக் கிடக்கு. 312 பெட்டி உடைச்சு மாரி முழுக்கக் கொட்டிலில கிடந்தது, பாவிக்கலாமோ? 180 பாகையில ரெண்டு மணித்தியாலம் எதுக்குள்ள வைக்கிறது? 190 வோல்ற்றில இன்வேர்ட்டர் நிக்குமோ?

மற்றது, மூலை பிடுங்குப்பட்ட நகம் இப்ப பாதிதான் இருக்கு. மற்ற அஞ்சும் முழுசு.


சாணைக்கல்:

மாரியில் திறந்து கிடந்த ரொட் என்றால் அப்படியே பாவிக்க வேண்டாம். 312க்கு 250 முதல் 300 பாகையில் ஒரு மணித்தியாலம். வீட்டு ஓவன் 250க்குப் போகும், அதில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தாலும் சரி. பூச்சில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரிப் பூத்திருந்தாலோ விரலால் அழுத்த உதிர்ந்தாலோ காய்ச்சிப் பயனில்லை, எறியுங்கள். 7018 எடுத்தால் அதற்கு 350 பாகை வேண்டும், வீட்டு ஓவன் போதாது. 6013ஐ மட்டும் அந்தச் சூட்டில் வைக்காதீர்கள். அதன் பூச்சுக்குக் கொஞ்ச ஈரம் வேண்டும், 100 பாகைக்குச் சற்று மேலே போதும்.

சில்லை வைக்க அதே ஓவன். பாண் போறணை வைத்திருப்பவரிடம் கேட்டாலும் சரி, கடைசிப் பாண் எடுத்த பிறகு சூடு இறங்கி வரும் நேரத்தில் வைக்கலாம். ஆனால் முதலே சில்லில் இருக்கிற கியர் எண்ணெய் முழுவதையும் டீசலில் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தநாள் பாண் கியர் எண்ணெய் மணக்கும், போறணைக்காரர் மறுபடி வாசலில் விடமாட்டார். கழுவுவதற்குக் கடையில் விற்கும் பிரேக் கிளீனர் வேண்டாம். சில வகைகளில் குளோரீன் சேர்மம் இருக்கிறது. மிச்சம் இருக்கும்போது ஆர்க் பட்டால் பொசுஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

190 வோல்ற்றில் 70 அம்பியர் கேட்டால் பெரும்பாலான இன்வேர்ட்டர் தாங்கும். பிரச்சினை நீட்டுக் கம்பியில்தான் வரும். 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பியில் முப்பது மீற்றர் இழுத்தால் இன்னும் வோல்ற் விழும், ஆர்க் நடுவில் அணையும், அணைந்த இடத்தில் பள்ளம், பள்ளத்தில் வெடிப்பு. 4 சதுர மில்லிமீற்றர் கம்பி போடுங்கள். காலமையில் வேலை வையுங்கள்.

பாதி போன நகத்தைப் பற்றி: அதைப் புதிதாகக் கட்டி எழுப்ப நினைக்க வேண்டாம். வெடிப்பு எவ்வளவு ஆழம் போனது என்று தெரியாத அடியில் 5 மில்லிமீற்றர் உயரத்துக்கு அடுக்கினால் அது ஒருநாள் உள்ளே கழண்டு பல்லுக்குள் போகும். ஒரு நகத்துண்டு பல்லுக்குள் அகப்பட்டால் சில்லு ஒன்றோடு நிற்காது, கியர்பெட்டியும் பிளக்கும். மண்ணெண்ணெய்ச் சோதனையில் அடி சுத்தமாக இருந்தால் கட்டுங்கள். கோடு தெரிந்தால் அந்த நகத்தை அடியோடு சாணை போட்டு எடுத்துவிட்டு ஐந்து நகத்தோடு ஓட்டுவது புத்தி.


வண்டில்:

எல்லாரும் வெல்டிங்கில நிக்கிறியள். தேஞ்சது முன்னுக்கு இழுக்கிற பக்கம் மட்டும்தானே. பின்கியர் போடுறது எப்பவாவது. அப்ப நகத்தின்ர மற்றப் பக்கம் புதுசாத்தான் கிடக்கும்.

இடப்பக்கச் சில்லையும் வலப்பக்கச் சில்லையும் அளந்து பாருங்கோ: பல்லு எண்ணிக்கை, அகலம், ஓட்டை, நகத்தின்ர ரெண்டு பக்கச் சாய்வு. எல்லாம் ஒண்டெண்டால் ரெண்டையும் எதிர்ச்சில்லுகளோட சோடியா இடம் மாத்திப் போடுங்கோ. இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போகேக்க முகம் திரும்பிடும், இழுக்கிறது தேயாத பக்கம். அஞ்சு நகத்துக்கும் ஒரு ரொட்டும் தேவையில்லை. நகத்தின்ர ரெண்டு பக்கமும் வேற வேற சாய்வில வெட்டியிருந்தா மட்டும் இது சரிவராது.

மற்றது தேய்வு எங்கயிருந்து வந்தது எண்டு பாக்காமப் பூட்டினா ஒரு போகத்தில திரும்ப இதே கதை. இந்தக் கிளச் எப்பவும் சுருள்வில்லால பூட்டிக் கிடக்கிறது, நெம்பியை இழுத்தாத்தான் கழரும். நெம்பிக்கு வெறும் ஆட்டம் இல்லாம இழுத்துக் கட்டியிருந்தா கவை எந்நேரமும் கொஞ்சம் இழுபட்டே நிக்கும். நகம் அஞ்சு மில்லிமீற்றரும் உள்ளுக்குப் போகாம ரெண்டு மில்லிமீற்றர் நுனியில தொங்கிக்கொண்டு சுமை இழுக்கும். உருண்ட மூலை அதாலதான். கைபிடி நுனியில விரல் ரெண்டு மொத்தத்துக்காவது ஆட்டம் இருக்கோணும். பூட்ட முதல் ரெண்டு பக்கச் சுருள்வில்லையும் பக்கத்தில பக்கத்தில நிறுத்தி உயரம் பாருங்கோ. இடப்பக்கம் குட்டையெண்டா அதை மாத்துங்கோ, வாசர் போட்டு நிரப்பிறது தற்காலிகம். தேஞ்ச பின்னும் கவையைச் சரிச்சு ஒருபக்கமா இழுக்கும், அதால பின் வேலை எப்பிடியும் செய்யத்தான் வேணும்.


கடைசல்:

வண்டில் சொன்ன மாத்தம் சரிவந்தா அதுதான் முதல். அப்ப சாணை வேலை பாதி போன நகத்துக்கு மட்டும். ஆனா மாத்தினாப் பிறகும் மார்க்கர் பூசிப் பாக்கிறதை விடாதேங்கோ. பழைய உருண்ட மூலையின்ர பிசிர் தேயாத பக்கத்துக்கு மடங்கி வந்திருக்கும், அதை எண்ணெய்க்கல்லால எடுக்காட்டி நகம் முழுசா உக்காராது.


வாய்க்கால்:

அளந்தன். பல்லும் ஓட்டையும் ஒண்டு. நகத்தின்ர ரெண்டு பக்கமும் ஒரே சாய்வு. இடப்பக்கச் சுருள்வில்லு வலத்தை விட 4 மில்லிமீற்றர் குட்டை. நெம்பியில ஆட்டம் துளிகூட இல்லாமக் கட்டிக் கிடந்தது. பாதி நகத்தின்ர அடியில சோக்கில ஒரு கோடு வருது, அதை அடியோட எடுக்கிறன். 13 மில்லிமீற்றர் கஜன் பின் கிடைச்சிட்டுது.


வண்டில்:

பூட்ட முதல் கியர்பெட்டியை ரெண்டுதரம் டீசலால அலசுங்கோ. பெயாரிங்குகளைக் கழற்றித் தனியாக் கழுவுங்கோ, சாணைத்தூள் பெயாரிங்குக்க போனா எமரி போட்ட மாதிரித் தின்னும். ஒலிபெருக்கிக் காந்தம் ஒண்டை அடியில வைச்சுத் துழாவி விழுந்த நகமூலை வந்திட்டுதோ எண்டு எண்ணிப் பாருங்கோ, துண்டு குறைஞ்சா பூட்டாதேங்கோ. புது எண்ணெய் விட்டு முதல் பத்து மணித்தியாலம் இழுவைப்பெட்டி பூட்டாம வயலில இலேசா ஓட்டி, சூட்டோட எண்ணெயை வெள்ளைத் துணியால வடிச்சுப் பாருங்கோ. மினுமினுப்பு மாதிரித் தூள் வாறது சரி, விரல்நகத்தால கிள்ளிப் பிடிக்கிற அளவில துண்டு வந்தா திரும்பத் திறக்கோணும்.